பலவகைச் செலவு

பம்பாய்க்கு வந்து கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். முப்பது ஆண்டுகள் நான் எழுதிய பேரேட்டில் ‘பலவகைச் செலவு’ என்றொரு தலைப்பு இருந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கு தாமதமின்றி வெளிவருவதற்குக் கொடுத்த கைக்கூலி அதற்குள் அடங்கிவிடும். எவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

என் மகளுக்கு ஜெர்மனியில், ம்யூனிக் நகரத்துக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். வெளிநாட்டுத் தரகர்களுக்குக் கமிஷன் வழங்குமுன் அது நியாயமானதா என்று பார்ப்பது அவள் வேலை. சென்ற மாதம் விடுமுறையில் வந்தவள், “அப்பா, வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தை வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள அங்கே 1999-இல் சட்டம் மாறும் வரையில் இடமிருந்தது. ‘பயனுள்ள செலவு’ என்று பெயர்” என்றாள். சிரித்துவிட்டேன். என் தலைப்பைவிட நாகரிகமான பெயரல்லவா!

அந்நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சீமென்ஸ் கம்பெனியில் சட்டம் மாறிய பின்னரும் பழக்கம் மாறவில்லை. சிலர் காலிப் பெட்டியோடு சென்று நோட்டுக்களை நிரப்பி வந்தனர். அனுமதிப் படிவத்திலோ கையெழுத்து இராது. ஒட்டி எடுக்கக்கூடிய சிறு தாளில் கையெழுத்திட்டு அதன்மேல் ஒட்டுவார்களாம். அக்கம்பெனியின் பங்குகள் நியூயார்க்கில் விற்கப்பட்டமையால் அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைப் பிடித்தது. 2008 டிசம்பரில் முடிந்த கணக்குப்படி, இரு நாடுகளுக்கும் சேர்த்து அது செலுத்த நேர்ந்தது ஏறத்தாழ 160 கோடி டாலர்.

தொகையைவிட அந்த ஒட்டுத்தாள்தான் என்னை உறுத்தியது. கழற்றிவிடக்கூடிய கையெழுத்தைத் தேடுகிறவன், செய்வது இன்னதென்று அறியாதவன் அல்லன். நான் இட்ட கையெழுத்து அழியாத மைதான், ஆனால் தலைப்பு?

“நீங்கள் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அப்பா?” என்றாள்.

வீட்டு வாடகை, உன் பள்ளிச் சம்பளம் என்றேன். அது உண்மை. முழு உண்மையன்று.

நம் நாட்டிலும் 2018-இல் திருத்திய சட்டப்படி கொடுப்பவரும் நேரே குற்றவாளி, கம்பெனியும் தப்பாது. வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் பிழைக்கலாம். என் காலத்தில் அந்த ஏழு நாட்கள் இருந்தாலும் நான் போயிருப்பேனா!

அவள் இவ்வளவும் பேசியதற்குக் காரணம் இருந்தது. ஒரு தரகர் வழக்கத்தினும் மிகுதியான கமிஷன் கேட்கிறார். அதுவும் தாம் தொழில் செய்யாத மூன்றாவது நாட்டுப் பாங்கியில் செலுத்த வேண்டுமாம். மேலதிகாரி அவசரப்படுத்துகிறார். என்ன செய்யட்டும் என்றாள். எந்த வாயால் சொல்வது? “திருப்பி அனுப்பம்மா” என்றேன்.

அனுப்பிவிட்டாளாம். நேற்று டெலிபோனில் சொன்னாள். மேலதிகாரி இன்னும் அவளுடன் பேசவில்லை.