பாதியில் நின்ற போர்வையும் புதுச்சேரி வீதிகளும்

பல வீடுகளில் பரணில் ஒரு பெட்டி இருக்கும். பாட்டியின் சுங்குடிச் சேலை, தாத்தாவின் வேட்டிக்கரை, பிள்ளையின் முதல் சட்டை, தையற்கடையில் மிஞ்சிய கட்பீஸ்கள் எல்லாம் அதற்குள் கிடக்கும். 'ஒட்டுப்போர்வை தைக்கலாம்' என்று ஆரம்பித்து நாலைந்து வரிசை இணைத்திருப்பார்கள். அதோடு நின்றிருக்கும். தொடங்கியவருக்குக் கண் மங்கியிருக்கலாம்; சில வீடுகளில் அவரே இல்லாமல் போயிருக்கலாம்.

அந்தப் பெட்டியை மறுபடி திறக்க மனம் வரவேண்டுமா? புதுச்சேரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் போதும்.

ஞாயிறு: காந்தி வீதி

கடைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதியின் ஓரங்களில் சண்டே மார்க்கெட் கூடும். சட்டை, சேலை, படுக்கை விரிப்பு என்று துணிகள் குவிந்திருக்கும். போர்வைக்கு அடித்துணி குறைகிறதென்றால் இங்கே தேடலாம். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குப் பையும் நிறையும், பர்ஸும் மிஞ்சும்.

பக்கத்திலேயே பெரிய மார்க்கெட். அதை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது. டூப்ளே கவர்னராக இருந்தபோது அவருக்குத் துபாஷியாக இருந்தவர் பிள்ளை. துணி வியாபாரமும் செய்தவர். 1736-ல் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் அரசியலோடு வியாபாரப் பேச்சும் கலந்தே வருகிறது. பிரெஞ்சுக்காரர்களை இந்தக் கரைக்கு இழுத்து வந்ததில் பருத்தித் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள்.

ஓய்ந்துபோன மில்கள்

பிறகு மில்கள் வந்தன. 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில்லை நம்பிப் பல தலைமுறைக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறது. 2011 டிசம்பர் கடைசியில் வீசிய தானே புயல் ஏ.எஃப்.டி.யைச் சிதைத்தது. 2020-ல் மில் மூடப்பட்டது.

தறிகளின் சத்தம் ஓய்ந்தாலும், ஊசி பிடித்த கைகள் ஓயவில்லை. அதைப் பார்க்கத்தான் திங்கட்கிழமை.

திங்கள்: குளூனி கன்னியர் மடம்

கடற்கரைக்கு அருகே, ரோமன் ரோலண்ட் வீதியில் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வீடு ஒன்று இருக்கிறது. குளூனி கன்னியர்கள் நடத்தும் பூத்தையல் மையம் அது. 1829-லிருந்து தையல் வேலை நடக்கும் இடம். ஆதரவு தேவைப்படும் பெண்கள் இங்கே கையாலேயே மேசை விரிப்பு, கைக்குட்டை, தலையணை உறையெல்லாம் தைக்கிறார்கள். அவசரமே தெரியாது. ஒரு இதழ் முடிந்த பிறகுதான் அடுத்த இதழ். போகுமுன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஆரோவில் பக்கம் போனால் 'சுனாமிகா' பொம்மை கிடைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு, தவித்து நின்ற மீனவப் பெண்களுக்கு 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் கற்றுக்கொடுத்த வேலை இது. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிதான் மூலப்பொருள். விரல் நீளமே இருக்கும் அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, பரிசாகத்தான் தருவார்கள். கடலைப் பார்க்கவே பயந்த பெண்களுக்குச் சேர்ந்து உட்கார ஒரு காரணத்தைக் கொடுத்தவை அந்தத் துண்டுத் துணிகள்தாம்.

இனி உங்கள் பெட்டி

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

முதலில் எல்லாத் துணியையும் உதறி வெயில்படாத இடத்தில் காற்றாட விடுங்கள். வருடக்கணக்காக மடிப்பிலேயே கிடந்த துணி அந்தக் கோட்டில் இற்றுப்போயிருக்கும். அதை வெட்டி எடுத்துவிடுங்கள். புதுத்துணியை ஒருமுறை அலசிக் காயவையுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் தைக்கும் முன்பே நடந்து முடியட்டும்.

மேலே ஒட்டுத்துணி, நடுவில் பழைய மெல்லிய போர்வை, அடியில் பருத்திச் சேலை. மூன்றையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுருக்கம் நீவி, பெரிய தையலாக இழையோட்டுங்கள். அதன்மேல் நேராக ஓடும் எளிய தையல் போதும். அதற்கும் பொறுமை இல்லையா? ஒரு சாண் இடைவெளியில் கெட்டி நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகலாம். ஓரம் மடித்துத் தைத்தால் போர்வை தயார்.

பழைய தையல் கோணலாக இருந்தால் பிரிக்காதீர்கள். அது அம்மாவின் கை. பக்கத்தில் ஓடப்போவது உங்கள் கை. இரண்டு தையலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் தெரியட்டும். மார்கழிக் குளிரில் போர்த்திக்கொள்ளும் பேரப்பிள்ளை, "இது யார் தைத்தது?" என்று கேட்கும். சொல்ல ஒரு கதை இருக்கும்.