பை வாங்கிய கதை

என் வாழ்க்கையின் முதல் பை இந்தோசீனாவிலிருந்து வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்த என் பெரியப்பா, சைகோனிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த தோல் பை அது. பள்ளிக்கூடத்தில் அந்த மாதிரிப் பையை 'கர்தாப்ல்' என்போம். மேலே ஒரு கைப்பிடி, பின்னால் இரண்டு வார்கள். கையிலும் தூக்கலாம், முதுகிலும் மாட்டலாம். உள்ளே இருந்ததெல்லாம் ஒரு பலகை, ஒரு வாசிப்புப் புத்தகம், அம்மா கட்டிக் கொடுத்த இட்லி. யாரும் திருடிக்கொண்டு போக மாட்டார்கள். வாயை மூட ஒரு பித்தளைக் கொக்கி மட்டும் இருந்தது.

அதன்பிறகு நான் காசு கொடுத்துப் பை வாங்கியதில்லை. பிரெவே பரீட்சை முடித்து, சில வருஷம் அலைந்து, அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மாமனார் வாங்கிக் கொடுத்த ரெக்சின் பை பணிமூப்பு வரைக்கும் ஓடியது. கல்யாணங்களில் கொடுத்த மஞ்சள் பைகள் காய்கறிக்குப் போதுமானவையாக இருந்தன. பை என்பது யாராவது கொடுக்கிற பொருள் என்ற நினைப்பிலேயே எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். எழுபத்து மூன்றாவது வயதில்தான் ஒரு பையை விசாரித்து, யோசித்து, வீட்டில் வாதாடி வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்லுமுன் அதற்கு முந்தைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2022 ஜனவரி, மார்கழி மாதம். விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டுப் பால் வாங்கிக்கொண்டு என் மனைவி நடந்து வந்துகொண்டிருந்தாள். எங்கள் லாசுப்பேட்டை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பின்னாலிருந்து பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவள் பையை எட்டிப் பிடித்து இழுத்தான். பை வரவில்லை. ஏனென்றால் வாரை அவள் தோளுக்குக் குறுக்கே மாட்டியிருந்தாள். வண்டி நிற்கவில்லை, வாரும் அறுபடவில்லை. அவளைப் பத்தடி தூரம் இழுத்துக்கொண்டு போய்த்தான் அவன் கையை விட்டான். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்தன. பிளேட் வைத்தார்கள். பையில் இருந்தது முந்நூற்றுச் சொச்சம் ரூபாய், வீட்டுச் சாவி, விபூதிப் பொட்டலம். அத்தனையும் பத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் "நல்ல வேளை, பை போகல" என்றார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. குறுக்கே மாட்டிக்கொள்ளச் சொன்னவன் நான். அது மட்டுமில்லை. தீபாவளிக்கு முன்னால் அந்த வாரின் தையல் விட்டிருந்தது. அவள் வேறு பை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். நான்தான் மார்க்கெட் பக்கம் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோய், நைலான் நூலால் இரட்டைத் தையல் போடச் சொன்னேன். "சார், இனிமே யானை இழுத்தாலும் வராது" என்றார் அவர். பெருமையாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். பழைய தையலாக இருந்திருந்தால் வார் அறுந்திருக்கும், கை முறிந்திருக்காது. இதை அவளிடம் அப்போது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மணிக்கட்டு ஆறினாலும் விரல்களுக்குப் பழைய பிடி திரும்பவில்லை. அதைவிட, அவள் பை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போவதையே விட்டுவிட்டாள்.

மறு வருஷம் பாரிசில் இருக்கும் எங்கள் பெண், மே மாதம் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். டிக்கெட் போட்ட கையோடு எச்சரிக்கையும் வந்தது. "அப்பா, மெட்ரோவில ஜேப்படி ரொம்ப. அம்மா அந்தத் துணிப்பையோட வரக் கூடாது. திருட்டுக்குப் பயப்படாத பைன்னே விக்கிறாங்க. நாலஞ்சு படம் அனுப்புறேன், பாத்துச் சொல்லுங்க."

படங்கள் வந்தன. நாற்பது வருஷம் கொட்டேஷன் பார்த்த கை சும்மா இருக்குமா? ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். மாடல், எடை, வார், பூட்டு, விலை. என்னைப் போன்ற வயதுக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் அதில் தேறியதைச் சொல்கிறேன்.

இந்தப் பைகளின் துணிக்குள் மெல்லிய எஃகு வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பிளேடால் கிழித்து உள்ளே இருப்பதை உருவ முடியாது. வாருக்குள்ளும் எஃகுக் கம்பி ஓடுகிறது. ஜிப்பின் நுனியை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால், அதைக் கழற்றாமல் ஜிப் நகராது. முதுகை ஒட்டிய பக்கத்தில் ஒரு மறைவு அறை உண்டு. பாஸ்போர்ட்டுக்கு அதுதான் இடம். கார்டில் உள்ள சில்லை வெளியிலிருந்து யாரும் படிக்காமலிருக்கத் தனி உறை ஒன்றும் வைக்கிறார்கள். அதற்காக நான் அதிக விலை கொடுக்க மாட்டேன். உரசினால் பணம் போகிற கார்டுகள் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் பேசும். நம் நாட்டில் பின் நம்பர் இல்லாமல் ஒரு தடவைக்கு 5000 ரூபாய் என்று வரம்பும் இருக்கிறது. அந்த வசதியே வேண்டாமென்றால் பேங்கிலேயே நிறுத்தி வைக்கலாம். நம் வயதில் கார்டைக் காற்றில் படிப்பவனைவிட, போனில் நயமாகப் பேசி ஓடிபி கேட்பவனுக்குத்தான் பயப்பட வேண்டும்.

அடுத்தது, உருமாறும் பை. ஒரே பையைக் கையில் பிடிக்கலாம், தோளில் குறுக்கே போடலாம், முதுகிலும் மாட்டலாம். இதில் இரண்டு வகை. ஒன்றில் நீளமான ஒரே வார், பையின் உச்சியில் உள்ள வளையங்கள் வழியாக ஓடும். சேர்த்து இழுத்தால் தோள் பை, பிரித்து விட்டால் முதுகுப் பை. இன்னொன்றில் வார்கள் தனித்தனியாகக் கழன்று வரும். முதல் வகை சுலபம், தொலைய ஒன்றுமில்லை. இரண்டாவதில் வாரை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டும். நான் முதல் வகைக்கு மதிப்பெண் போட்டேன்.

எடையை யாரும் கவனிப்பதில்லை. எஃகு வலை சும்மா வருமா? ஒரு மாடல் காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல். அதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்தால் இரண்டு கிலோ. மருந்து, குடை, ஸ்வெட்டர் எல்லாம் அதற்கு மேலே. நம் தோளுக்கு முக்கால் கிலோவைத் தாண்டாத பை போதும்.

பட்டியலை முடித்து, முதலாவதாக வந்த பையை மனைவியிடம் காட்டினேன். எஃகுக் கம்பி வைத்த வார், யாராலும் அறுக்க முடியாது என்று விளக்கினேன். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாரை அறுக்க முடியாது. சரி. என்னை?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் நின்றிருந்ததை அப்போதுதான் சொன்னேன். செருப்பு தைப்பவர், நைலான் நூல், இரட்டைத் தையல், யானை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள். "பழைய நூல் பழுப்பு, இது கறுப்பு. நான் பாக்க மாட்டேனா? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவ்வளவுதான். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி யோசித்தேன். திருடன் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரித் திருடுவதில்லை. மெட்ரோவில் திருடுபவனின் ஆயுதம் விரல். நமக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும் என்பது அவன் தொழில். அவனுக்கு எதிராகக் கொக்கி, வலை, குறுக்கு வார் எல்லாம் உதவும். நம் தெருவில் பைக்கில் வருபவனின் ஆயுதம் வேகம். அவனுக்கு எதிராக வார் கெட்டியாக இருக்க இருக்க நமக்குத்தான் ஆபத்து. அங்கே நம்மைக் காப்பாற்றுகிற அதே வார், இங்கே நம்மை இழுத்துக்கொண்டு போகும். அப்படியானால் கழற்ற முடிகிற வார்தான் வேண்டும். மதிப்பெண் குறைத்திருந்த இரண்டாவது வகைதான் சரி!

கடைசி முடிவை அவள் விரல்களிடம் விட்டோம். கடையொன்றில் அதே மாதிரியான மூன்று பைகளை வாங்கிப் பார்த்தாள். ஒன்றின் கொக்கியைத் திருகி அழுத்த வேண்டியிருந்தது. பிளேட் வைத்த கைக்கு முடியவில்லை. இன்னொன்றை நானும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் திறந்தேன். மூன்றாவதைக் கட்டைவிரலால் தள்ளினால் போதும். "இது" என்றாள். நமக்கே திறக்காத பூட்டைக் கடைசியில் பூட்டாமலேதான் வைத்திருப்போம். விலை ஐயாயிரத்துக்கு மேல். என் முதல் மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

பாரிசில் அந்தப் பை தன் வேலையைச் செய்தது. விமான நிலையத்தில் இரண்டு கையும் காலியாக இருக்கட்டும் என்று நான் முதுகில் மாட்டிக்கொண்டேன். மெட்ரோவில் அவள் அதைக் குறுக்கே போட்டு, வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, மேலே கை வைத்துக்கொண்டாள். ஜேப்படிக்காரர்கள் ஜாக்கிரதை என்று ஸ்டேஷனில் ஒலிபெருக்கி சொல்லும்போதெல்லாம் நான் மொழிபெயர்ப்பேன். "எனக்கே புரியுது, நீங்க வழியைப் பாருங்க" என்பாள். கதவோரம் நிற்க வேண்டாம், கதவு மூடுகிற நேரத்தில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள் என்று பெண் சொல்லியிருந்தாள். ஓட்டலில் உட்கார்ந்தால் வாரை நாற்காலிக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தோம். பையைத் தனியே விட்டுவிட்டு நகரவும் கூடாது. கேட்பாரற்ற பை ஒன்று கிடந்தால் அங்கே ரயிலையே நிறுத்திவிடுகிறார்கள்.

லா ஷப்பேலுக்குப் போன அன்றுதான் அவள் கொஞ்சம் அசந்தாள். கார் துய் நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் முழுவதும் தமிழ்க் கடைகள். புடவை, முருங்கைக்காய், பூ, தமிழ்ப் பெயர்ப்பலகைகள். மாணிக்க விநாயகர் கோயிலுக்கும் போனோம். காதில் தமிழ் விழுந்ததும் ஊருக்கு வந்துவிட்ட நினைப்பில் பையைப் பின்னால் தள்ளிவிட்டு நடந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கொக்கி கழன்று, முன் அறையின் ஜிப் இரண்டு விரற்கடை திறந்திருந்தது. யாராவது முயன்றார்களா, இவளே மாட்ட மறந்தாளா, எனக்குத் தெரியாது. அந்த அறையில் கைக்குட்டையும் இருமல் மிட்டாயும்தான் இருந்தன. பாஸ்போர்ட் பின் அறையில் முதுகோடு ஒட்டி இருந்தது. என் பணத்தில் பாதி என் சட்டை உள்பையில். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காத வரையில் எந்தப் பையும் நல்ல பைதான்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் குறுக்கு வாரைக் கழற்றி பீரோவில் வைத்தேன். இங்கே அந்தப் பைக்குக் கைப்பிடி மட்டும்தான். ஆனால் வாரைக் கழற்றினால் போதாது என்று எனக்குத் தோன்றியது. இழுத்தால் விட வேண்டும், அதற்குக் கை பழக வேண்டும்.

ஒரு மத்தியானம் கூடத்தில் அவளை நடக்கச் சொல்லி, பின்னால் போய்ப் பையைப் பிடித்து இழுத்தேன். விரல்கள் தாமாகவே இறுகிக்கொண்டன. பிடியில்லாத கை என்று நான் நினைத்திருந்த அதே கை! "விடு, விடு" என்றேன். "விடணும்னுதான் நெனைக்கிறேன், வர மாட்டேங்குது" என்றாள். முதல் மூன்று தடவையும் விடவில்லை. நான்காம் தடவை சட்டென்று விட்டுவிட்டாள். பையோடு நான்தான் சோபாவில் போய் விழுந்தேன். எதிர்வீட்டுப் பேரன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தாத்தா பாட்டியிடம் பை பிடுங்குகிறார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். ஒரு வாரம் தினமும் பழகினோம்.

இப்போது அவள் மறுபடி தனியாகப் பால் வாங்கப் போகிறாள். பையைச் சுவர்ப்பக்கக் கையில் பிடித்துக்கொள்கிறாள், ரோட்டுப் பக்கம் அல்ல. உள்ளே நூறு ரூபாய், ஒரு பழைய போன். வீட்டுச் சாவி பையில் இல்லை, இடுப்பில். அவள் கிளம்பும்போது வாசலில் நின்று, "யாராவது இழுத்தா?" என்று கேட்பேன். "குடுத்துட்டு வரேன்" என்பாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது வாரைக் குறுக்கே மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், இதை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். தையல் விட்ட பை இருந்தால், தைக்கக் கொடுக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்.