பெல்ட்டின் மீது பிழையில்லை

1985ஆம் ஆண்டு அறிமுகமான புரோட்டோன் சாகா வகையைச் சேர்ந்தது என் பழைய மகிழுந்து. சில மாதங்களாகக் காலையில் இயக்கும்போதெல்லாம் கீச்சிட்டது. இருமுறை புதிய பெல்ட் மாற்றினேன்; இரண்டும் ஒரே ஓரத்தில் தேய்ந்து கருந்தூளை உதிர்த்தன. நீர்ப் பம்பையும் அதுவே சுழற்றுகிறது. வழியில் அறுந்தால் இயந்திரம் கொதித்துவிடும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் எனக்கு அச்சமாக இருந்தது.

செராஸில் ஒரு பட்டறைக்காரர் நேரான இரும்புச் சட்டத்தைக் கப்பிகளின் முகப்பில் வைத்துக் காட்டினார். ஆல்டர்னேட்டர் கப்பி ஏறத்தாழ 3 மி.மீ. முன்னே துருத்தி நின்றது. முன்பு ஆல்டர்னேட்டரை மாற்றியவர், தாங்கியில் இருக்க வேண்டிய வாஷரை இடம் மாற்றிப் பூட்டியிருந்தார்.

"பெல்ட்டு மேல தப்பு இல்ல சார். அது ஓடுற பாதைதான் கோணல்," என்றார். வாஷர் உரிய இடத்திற்கு வந்தது, சத்தம் நின்றது.

மறுநாள், பார்த்தெழுதுவதில் ஓயாமல் பிழைவிட்ட மாணவன் ஒருவனை முன்வரிசையில் அமர்த்தினேன். பிழைகள் பாதியாகக் குறைந்தன. அவனுக்குப் பலகை தெரியவேயில்லை! கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் கூறினேன். மூன்று பயிற்சி நூல்களை மாற்றிக் கொடுத்த நான், அதுவரை அவனைக் கடிந்துகொண்டதை நினைத்து வருந்துகிறேன்.