படத்தின் கீழே இருந்த பெயர்

எங்கள் எல்.கே.ஜி. வகுப்புச் சுவரில் தொங்கிய படங்களில் பாதிக்கு மேல் நான் வரைந்தவை. கீழே பிள்ளைகளின் பெயரை எழுதியவளும் நான்தான். பல வருடம் இப்படி நடந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

செய்முறை சுலபம். எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ் படம். ஆப்பிளுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, மேகத்துக்குப் பஞ்சு. பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் நான் உட்காருவேன். கோட்டைத் தாண்டிய கிரேயானை வெள்ளைத் தாள் ஒட்டி மறைப்பேன். கறுப்பு ஸ்கெட்ச்சால் ஓரம் கட்டுவேன். மூக்கில்லாத முகத்துக்கு மூக்கு வைப்பேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆசிரியப் பயிற்சியில் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டைப் படித்தவள் நான். அச்சுப் படத்துக்குள் வண்ணம் தீட்டப் பழகும் குழந்தை தன்னால் சொந்தமாக வரைய முடியும் என்ற நம்பிக்கையை இழந்துவிடும் என்று 1947இல் வந்த நூலிலேயே அவர் எச்சரித்திருக்கிறார். ரோடா கெல்லாக் சின்னப் பிள்ளைகளின் கிறுக்கல்களை மலைமலையாகச் சேர்த்து, அவற்றில் 20 அடிப்படை வகைகளைப் பிரித்துக் காட்டினார். மூன்று, நான்கு வயதில் பிள்ளை வரையும் மனிதனுக்குத் தலையிலிருந்தே கால் முளைக்கும். அது பிழையல்ல, வளர்ச்சி. இதையெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். வகுப்புக்கு வந்ததும் அந்த மனிதனுக்கு வயிறு வரைந்தேன்.

பயம் ஒரு காரணம். கிறுக்கல் தொங்கினால் கரஸ்பாண்டன்ட் என்ன சொல்வாரோ என்ற பயம். ஆனால் அதைவிடப் பெரியது கர்வம். “உங்க கிளாஸ் மட்டும் எப்படி மிஸ் இவ்வளவு நீட்டா இருக்கு?” என்று யாராவது கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும். அந்தக் கேள்விக்காகவே செய்தேன்.

ஒரு வருடம் பள்ளிக் கண்காட்சிக்கு என் வகுப்புக்கு விழுந்த தலைப்பு மழை. என் ஏற்பாடு குடைப் படம். ஒரு பையன் தாளைத் திருப்பிப் போட்டான். வெற்றுப் பக்கம் முழுக்கக் கறுப்புக் கிரேயானைத் தேய்த்தான். கிரேயான் ஒடிந்தது. ஒடிந்த துண்டாலும் தேய்த்தான். ஓர் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு புள்ளி வைத்தான்.

“என்னடா இது?”

“மழ வந்துச்சு. கரன்ட் போச்சு. அம்மா மெழுகுவத்தி வச்சாங்க.”

எனக்குப் புரிந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பிள்ளை மழையைத் தன் வீட்டுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறான் என்பது அந்த நொடியே எனக்குப் புரிந்தது. நல்ல படம் என்றும் தெரிந்தது. ஆனால் கண்காட்சி மறுநாள். “மழைன்னா குடை வரணும்” என்றேன். அந்தத் தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். புதுத் தாளை வைத்து, அவன் கையை என் கைக்குள் பிடித்துக் குடை வரைந்தேன். அவன் அழவில்லை. கையைத் தளரவிட்டு, நான் இழுத்த பக்கமெல்லாம் வரவிட்டான்.

மறுநாள் அவன் அம்மா குடைப் படத்தின் முன் நின்று போட்டோ எடுத்தார். “எம்புள்ளையா மிஸ் வரைஞ்சான்?” என்றார். “ஆமாங்க” என்றேன்.

பொய் அங்கே முடியவில்லை. அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அந்தக் குடையை வரையச் சொன்னாராம். பையன் மாட்டேன் என்றானாம். “ஸ்கூல்ல போடுறான், வீட்ல கேட்டா அடம். ரெண்டு வச்சேன் மிஸ்” என்றார். பையன் பக்கத்தில்தான் நின்றான். என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். “அடிக்காதீங்கம்மா, போகப் போகச் சரியாயிடும்” என்று சிரித்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவனாக எதையும் வரையவில்லை. தாள் கொடுத்தால் அப்படியே என்னிடம் நீட்டுவான். “நீங்க போட்டுக் குடுங்க மிஸ்.” யு.கே.ஜி.யிலும் அப்படித்தான் என்று அந்த வகுப்பு டீச்சர் சொன்னார்.

இன்னொருத்திக்கும் தீங்கு செய்தேன். புதிதாகச் சேர்ந்த இளம் டீச்சர் ஒருத்தி களிமண், காய்ந்த இலை, வெண்டைக்காய்த் துண்டு, சாயம் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விடுவாள். நான் ஸ்டாஃப் ரூமில் அவளைக் கேலி செய்தேன். “குப்பை போடச் சொல்லிக் குடுக்குறா” என்று கரஸ்பாண்டன்ட் காதிலும் போட்டேன். அவள் வகுப்புப் படங்கள் மாடிப்படிக்கு அடியில் போயின. வருடக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது உண்டு. நீங்கள் அதை ஏற்க வேண்டியதில்லை.

இப்போது அவள் செய்ததைத்தான் நான் செய்கிறேன். ஜெராக்ஸ் இல்லை, மாதிரிப் படம் இல்லை. “என்ன இது?” என்று கேட்பதையும் விட்டேன். “இதப் பத்திச் சொல்லு” என்கிறேன். அவர்கள் சொல்வதைத் தாளின் பின்னால் எழுதி வைக்கிறேன். சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். என் கையும் இன்னும் ஸ்கெட்ச்சைத் தேடுகிறது.

போன ஜூனில் அந்தப் பையனின் அம்மா தன் மகளைச் சேர்க்க வந்தார். உங்க கிளாஸ்லதான் போடணும் என்று கேட்டு வாங்கிச் சேர்த்தார். அன்றும் நான் சொல்லவில்லை. அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால்: உங்கள் பையன் அன்று அடம்பிடிக்கவில்லை. குடையை வரைந்தது நான்.