சாயாத வண்டிக்கு சாயுற இன்ஜின்!

பாஸ், கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலைக்கு ஒரு ரவுண்டு போலாமா? இம்பீரியல் மணல்மேடுகள்... 60 கிலோமீட்டருக்கும் மேல நீளும் வெறும் மணல்! 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடி' (1983) படத்தோட பாலைவனக் காட்சிகளை இங்கேதான் எடுத்தாங்க. குளிர்காலத்துல கிளாமிஸ் பக்கம் போனா, பக்கி வண்டிகளின் திருவிழா. சிலதோட முதுகில் உறுமுவது ஹயபுசா பைக் இன்ஜின்! எடை கம்மி, கியர்பாக்ஸும் கூடவே வந்துடும்.

ஆனா, ஒரு வில்லங்கம். பைக் வளைவில் சாயும். அதனால ஆயில் அடியிலேயே நிக்கும். பக்கி சாயாதே! வேகமாத் திருப்பினா ஆயில் ஓரத்துக்கு ஓடிடும். பம்ப் காத்தை உறிஞ்சும். பேரிங் காலி. நடு மணலில் நீங்களும் காலி! அதுக்குத்தான் ஆயில் தொட்டிக்குள்ளே தடுப்புத் தகடு வைக்கிறாங்க.

ப்ராஜெக்ட்டுக்கு பைக் இன்ஜினைக் கழட்டப் போறீங்களா? ஹார்ஸ்பவர் அப்புறம். முதல்ல, அது எப்படி ஓடப் பொறந்ததுன்னு பாருங்க!