பல்லராட்டில் ஒரு சமையற் கூடாரம்

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலிருந்து மேற்கே சுமார் 110 கிலோமீற்றர் தூரத்தில் பல்லராட் இருக்கிறது. வதவுரங் ஆதிக்குடிகளின் நிலமாக இருந்த அவ்விடத்தில் 1851ஆம் ஆண்டு தங்கம் கண்டெடுக்கப்பட்டதும், உலகின் பல மூலைகளிலிருந்தும் சனம் கப்பலேறி வந்து குவிந்தது. ஆதிக்குடிகளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்து ஊரைத் திரும்பக் கட்டி, ‘சொவரின் ஹில்’ என்ற பெயரில் 1970இல் திறந்திருக்கிறார்கள். குதிரை வண்டி, கொல்லன் பட்டறை, கன்வஸ் கூடாரங்கள் எல்லாம் உண்டு. அங்குள்ள ஓடையில் தட்டையான தட்டில் மண்ணை அள்ளி நீரில் சுழற்றினால், இலேசான மண் கரைந்துபோக, பாரமான தங்கத் துகள் அடியில் தங்கும். கிடைப்பதை நாமே கொண்டுபோகலாம். என் பேத்தி நெடுநேரம் குனிந்து நின்று, கடுகில் பாதியளவு ஒரு மினுக்கத்தைக் கண்டுபிடித்தாள். எனக்கு முதுகு நோவுதான் மிச்சம்.

அவளுடைய பையில் ஜாக்கி பிரெஞ்ச் என்ற அவுஸ்திரேலிய எழுத்தாளரின் சிறுவர் நாவல் ஒன்று இருந்தது. ‘த நைட் தே ஸ்ரோம்ட் யுரேக்கா’ என்ற அந்நூல் 2009இல் வெளிவந்தது. வீடற்ற இக்காலச் சிறுமி ஒருத்தி 1854ஆம் ஆண்டுப் பல்லராட்டுக்குப் போய்ச் சேர்கிறாள். தங்க வயலில் சாப்பாட்டுக் கடை நடத்தும் தம்பதியர் அவளை ஏற்றுக்கொள்கின்றனர். தங்க வேட்டை என்றாலே ஆண்களும் மண்வெட்டியுமே நினைவுக்கு வரும். இக்கதையோ அடுப்படியில் நின்று அந்த வயலைப் பார்க்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

யோசித்துப் பாருங்கள். கிடங்கு வெட்டியவனுக்குத் தங்கம் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். ஆனால் அவன் தினமும் சாப்பிட வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும். ஆகவே ரொட்டி சுட்ட பெண்ணின் கையிலும் உடுப்புத் தோய்த்த பெண்ணின் கையிலும் காசு புழங்கியது.

அதே கூடாரத்தில்தான் அவர்கள் பிள்ளையும் பெற்றார்கள். மண் கழுவிக் கழுவி ஓடைகள் சேறாகின. குடிநீர் கெட்டு, வயிற்றோட்டத்தில் குழந்தைகள் இறந்தன. கூடாரத்தில் குடும்பம் நடத்துவது என்னவென்று எமது பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுபவர் தொடக்கத்தில் மாதம் 30 சிலிங் அனுமதிப்பணம் கட்டவேண்டியிருந்தது. வாக்குரிமையோ இல்லை. எதிர்த்தவர்கள் யுரேக்காவில் மரத்தால் அரண் அமைத்தனர். 1854 டிசம்பர் 3ஆம் திகதி விடியுமுன் படையினர் அதைத் தாக்கியதில் இருபதுக்கும் மேற்பட்ட தோண்டுவோர் உயிரிழந்தனர். மறுவருடம் மாதப்பணம் நீக்கப்பட்டு, வருடத்துக்கு ஒரு பவுண் என்றாயிற்று.

அவர்கள் ஏற்றிய கொடியை யுரேக்கா நிலையத்தில் மங்கிய வெளிச்சத்தில் பார்த்தோம். நீலக் கம்பளித் துணியில் வெள்ளைச் சிலுவை, ஐந்து நட்சத்திரங்கள். ஞாபகத்துக்கென்று ஆட்கள் வெட்டியெடுத்ததால் ஒரு பகுதி இல்லை. மூன்று பெண்கள் தைத்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

“அம்மம்மா, கையாலயோ தைச்சவை?” என்று பேத்தி கேட்டாள்.

“ஓம் பிள்ளை” என்றேன். நடு நட்சத்திரம் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிது. சமையலுக்கும் பிள்ளைக்கும் இடையில் எந்த நேரத்தில் உட்கார்ந்து தைத்தார்களோ!