மணாலி டு லே: கேம்பர் வேனைக் காப்பாற்றும் சின்னப் பெட்டி!

மணாலியில் புறப்பட்டு அடல் சுரங்கப்பாதையைக் கடந்தால் நிலமே மாறிவிடுகிறது. 2020-ல் திறக்கப்பட்ட இந்த 9 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் தேவதாரு மரங்களின் பச்சை. இந்தப் பக்கம் லாஹுல் பள்ளத்தாக்கின் காய்ந்த மலைகள். சற்றுத் தள்ளி, சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கூடும் தாந்தியில் ஒரு பெட்ரோல் பங்க். ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில்’ என்று அங்கே வைத்த பலகை, லே போகும் பயணிகளிடையே ரொம்பவே பிரபலம்.

டீசல் நிரப்ப அந்தப் பலகை ஞாபகப்படுத்தும். கரண்ட்டை ஞாபகப்படுத்தத்தான் பலகை கிடையாது!

வேனை வீடு போல மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு இந்த வழியில் போகிறவர்கள் உண்டு. விளக்கு, செல்போன் சார்ஜர், பாட்டியின் இன்சுலின் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜ் எல்லாமே கூரையில் இருக்கும் சோலார் பேனலை நம்பித்தான். இரவில் உள்ளே சூடு தரும் டீசல் ஹீட்டரும் அப்படியே. அது எரிப்பது டீசல் என்றாலும், அதன் விசிறி சுற்ற பேட்டரி வேண்டும். 4,200 மீட்டருக்கு மேலே இருக்கும் சர்ச்சுவில், செப்டம்பர் இரவுகளில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். நள்ளிரவில் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்பது சார்ஜ் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி. பேனலுக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் பலர் இதில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

கதவா, கியரா?

கன்ட்ரோலரில் இரண்டு வகை. விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகை வெறும் கதவு மாதிரி. பேனலின் வோல்ட்டை பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்து இறக்கிவிடும். 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தருகிறது என்று வையுங்கள். பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால், உள்ளே போவது 72 வாட்தான். மிச்சம் வீண்.

எம்.பி.பி.டி. வகை கியர் மாதிரி. அதிக வோல்ட்டை வாங்கி, பேட்டரிக்கு ஏற்றபடி குறைத்து, ஆம்பியரைக் கூட்டித் தரும். அதே பேனலில் 90 வாட்டுக்கு மேல் கிடைக்கும். விலை சில மடங்கு அதிகம்.

இங்கேதான் ஊரும் முக்கியம். சமவெளியின் மே மாத வெயிலில் பேனல் கொதிக்கும். சூடு ஏற ஏற அதன் வோல்ட் இறங்கும். அங்கே இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விளக்கும் செல்போனும் மட்டும் என்றால் பி.டபிள்யூ.எம். போதும். பாரலாச்சா கணவாயில் கதை வேறு. வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று ஜில்லென்று வீசும். பேனல் குளிர்ந்தே இருப்பதால் வோல்ட் உயரும். அந்தக் கூடுதலைப் பிடித்துத் தருவது எம்.பி.பி.டி. மட்டுமே.

சர்ச்சுவின் காலைக் கணக்கு

அந்த உயரும் வோல்ட்டிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. வீட்டு மாடியில் வைக்கும் 330 வாட் பேனல் இரண்டை வேன் கூரையில் வரிசையாக இணைத்தால், லோடு இல்லாத நிலையில் தலா 46 வீதம் 92 வோல்ட். கடையில் ‘100 வோல்ட் வரை தாங்கும்’ என்று கன்ட்ரோலர் கொடுக்கிறார்கள். சரிதானே என்று தோன்றும்.

ஆனால் அந்த 92, பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் சுமார் 0.3 சதவிகிதம் கூடும். சர்ச்சுவில் மைனஸ் 10 டிகிரியில் உறைந்து கிடந்த பேனல் மீது காலை வெயில் விழுந்தால், 92 வோல்ட் சுமார் 102 ஆகிவிடும். பெட்டி எரியலாம். அங்கே அதை மாற்றித்தர ஆள் ஏது?

ஆம்பியர் கொஞ்சம் மிஞ்சினால் நல்ல எம்.பி.பி.டி. கூடுதலை வாங்காமல் விட்டுவிடும். வோல்ட் மிஞ்சினால் தாங்காது. எனவே 150 வோல்ட் தாங்கும் பெட்டி வாங்கலாம். அல்லது பேனல்களைப் பக்கவாட்டில், அதாவது பேரலலாக இணைக்கலாம். அப்போது வோல்ட் ஒரு பேனலின் அளவோடு நின்றுவிடும். ஒன்றின் மீது நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும்.

பேட்டரிக்கும் குளிரும்!

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். குளிரை உணர்ந்து சார்ஜை நிறுத்தும் சென்சார் வசதி, பேட்டரியிலோ கன்ட்ரோலரிலோ இருக்க வேண்டும். பேட்டரியை வண்டிக்கு அடியில் தொங்கவிடாமல் கேபினுக்குள் வைப்பது உத்தமம். பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கு நேர்மாறு. குளிரில் அதற்குச் சற்று அதிக வோல்ட் தர வேண்டும். அதற்கும் சென்சார் உதவும்.

காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, பாங் தாண்டி, மோர் சமவெளிக்கு வந்தால் சுமார் 40 கிலோமீட்டருக்கு நிழலே இல்லை. பேனலுக்கு விருந்து. ஆனால் மெலிந்த காற்று சூட்டை எளிதில் எடுத்துப் போகாது. கன்ட்ரோலரை அலமாரிக்குள் அடைக்காமல், சுற்றிலும் இடம் விட்டுப் பொருத்த வேண்டும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

5,328 மீட்டர் உயரத் தங்லாங் கணவாயைக் கடந்தால், லே வரை இறக்கம்தான். இந்த வழியில் வேன் எடுக்க நினைப்பவர்கள், கடையில் ‘எத்தனை ஆம்பியர்?’ என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். ‘எத்தனை வோல்ட் தாங்கும்? பேட்டரியின் குளிரைப் பார்க்க சென்சார் உண்டா?’ என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.